இருபத்திரண்டு பேருக்கு ஒரு டிஸ்க்

ஜனவரி 3, சனி

காலையில் போனை எடுத்தால் வாட்ஸ்அப் குரூப்பில் ரங்கராஜ் அண்ணன் மெனு போட்டிருக்கிறார். எத்தனை பேர் வருகிறார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை. எத்தனை கூடாரம் வேண்டும் என்று தெரியாது. ஆனால் மெனு வந்துவிட்டது. சனி மதியம் தக்காளி சாதம், இரவு சிக்கன் வறுவல், ஞாயிறு காலை தோசை. கீழே ஒரு வரி: "எல்லாம் பூங்கொடி அம்மிணி கைப்பக்குவம்!" அதற்குப் பக்கத்தில் கை கூப்புகிற படம் மூன்று. அந்தப் பூங்கொடி நான்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ரங்கராஜ் அண்ணன் என் வீட்டுக்காரரோடு காலேஜில் படித்தவர். அந்த பேட்ச்சில் ஆறு குடும்பம், குழந்தை குட்டியோடு இருபத்திரண்டு தலை. குடியரசு தின விடுமுறைக்கு வால்பாறை மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குவோம். ஐந்து வருடமாகப் போகிறோம். அந்த மலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தார்ப்பாய்க் கூரை, ஒரு இரட்டை அடுப்பு, மூன்று அண்டா. மற்றவர்கள் ஞாயிறு விடிகாலையில் பக்கத்திலிருக்கிற வெள்ளமுடி உச்சிக்கு ஏறுவார்கள். ஏற இரண்டு மணி நேரம். திரும்பி வந்து போட்டோ காட்டுவார்கள். நான் ஒரு கையில் பூரித் தட்டை வைத்துக்கொண்டு பார்த்து, நன்றாக இருக்கிறது என்பேன்.

இந்த வருடம் நான் ஏறுகிறேன். எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை எலும்பு டாக்டர் என் இடது முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருசம், ரெண்டு வருசம். அப்புறம் மலையேறுற ஆசையெல்லாம் விட்டுருங்க" என்றார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் காரை விட்டே இறங்காதே என்பார்கள். அடுப்படியில் ஆறு மணி நேரம் நிற்காதே என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரி 4, ஞாயிறு

என் மகள் மதுமிதா போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ வெளிநாட்டில், டிராக்டர் கலப்பையில் இருக்குமே வட்டமான டிஸ்க், அதற்கு மூன்று கால் வைத்து, கீழே ஒரு பர்னர் வைத்துச் சமைக்கிறார்கள். பெரிய வாணலி மாதிரி, ஆனால் அவ்வளவு குழி இல்லை. நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. வெந்ததை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் சூடு ஆறாமல் கிடக்கும்.

நான் பார்த்தது அதை இல்லை. அதைச் சுற்றி நின்றவர்களை. பத்துப் பேர் ஆளுக்கொரு கரண்டியோடு நிற்கிறார்கள். ஒருத்தன் முட்டை உடைக்கிறான், ஒருத்தி வெங்காயத்தைக் கிளறுகிறாள், வெந்ததை அவரவர் எடுத்துத் தின்கிறார்கள். சமையல்காரி என்று ஒருத்தி அங்கே இல்லவே இல்லை. நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இதுதான் வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். "நம்ம அடுப்பே நல்லாத்தான இருக்கு" என்றார். யாருக்கு நன்றாக இருக்கிறது?

ஜனவரி 6, செவ்வாய்

இவர் இப்போது டிஸ்க் அடுப்பு நிபுணர் ஆகிவிட்டார். ஒரே நாளில். ஆன்லைனில் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார். கால் மடங்குமாம், பையோடு வருமாம். அளவைப் பார்த்தேன். நம் வீட்டுத் தோசைக்கல்லைவிட இரண்டு விரல்கடை பெரிது.

"இதுல நாலு பேருக்குப் பண்றதுக்குள்ள அஞ்சாவது ஆளு பசியில செத்துருவான்" என்றேன்.

"பையப் பாரு பூங்கொடி. தோள்ல மாட்டிக்கலாம்."

"யாரு தோள்லைங்க?"

மெல்லிய தகடு வேறு. காற்றடித்தால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையாகக் கிடக்கும். இருபத்திரண்டு பேருக்கு இரண்டு அடி அகலமாவது வேண்டும். கனமான இரும்பாக இருக்க வேண்டும், சூடு நிற்க வேண்டும். நூல் எடுத்துப் போய் கார் டிக்கியின் வாயை அளந்தேன். இரண்டே கால் அடி. படுக்கப் போட்டால் போகும்.

ஜனவரி 10, சனி

நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப்பில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கணபதி ஏரியாவில் மாரண்ணன் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எங்கள் லேப் இரும்பு ஸ்டாண்டுகளுக்குப் பற்ற வைக்கிறவர் அவர்தான். நான் ரத்தம் எடுத்தால் வலிக்காது என்று ஊரெல்லாம் சொல்கிற நல்ல மனுஷன்.

"டிராக்டர் டிஸ்க்ல சமையலுங்களா?" என்று சிரித்தார். "யாருக்குங் அம்மிணி, கண்ணாலத்துக்கா?"

"இல்லீங்ணா. மலைக்கு, ஆறு குடும்பம் போறோம்."

"தேஞ்ச டிஸ்க் சும்மாவே தர்றேன். ஆனா ஓரம் கத்தி மாதிரி இருக்கும், வேண்டாமுங். புதுசே போட்டுக்கோங்." ஒன்றை எடுத்து உருட்டிக் காட்டினார். நடுவில் சதுரமாக ஓட்டை. எனக்கு அது தெரியாது. வீடியோவில் அதை யாரும் சொல்லவில்லை. "அச்சுல மாட்டுற ஓட்டைங். தகடு வெச்சு அடைச்சுத் தேச்சுத் தந்தர்றேன். எண்ணெ ஒரு சொட்டு ஒழுகாது."

மூன்று கால், திருகிக் கழற்றுகிற மாதிரி. எவ்வளவு உயரம் வேண்டும் என்றார், இடுப்பு உயரத்துக்கு என்றேன். குனிந்து சமைப்பது போதும். இரண்டு பக்கம் கைப்பிடி. பர்னரைச் சுற்றிக் காற்று மறைக்க ஒரு தகடு. எல்லாம் சாக்பீஸில் தரையில் வரைந்து காட்டினார். ஐந்து வருடத்தில் சமையல் சம்பந்தமாக ஒரு ஆண் என்னிடம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 12, திங்கள்

டிஸ்க் வந்துவிட்டது. ஒன்பது கிலோ. இவர் தூக்கிப் பார்த்துவிட்டு "கனமா இருக்கே" என்று வைத்துவிட்டார். ஐந்து வருடம் அண்டாவைத் தூக்கியது யார் என்று நானும் கேட்கவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

தெருவெல்லாம் பழையதை எரிக்கிறார்கள். நான் மொட்டை மாடியில் டிஸ்க்கின் பெயின்டை எரித்தேன். எரிக்காமல் சமைத்தால் வயிற்றுக்குள் பெயின்ட் போகும். நாற்றம் தாங்காமல் எதிர் வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்து, காய வைத்து, எண்ணெய் தடவிச் சூடு பண்ணி, வெங்காயத்தை வதக்கி வதக்கிக் கொட்டி, மறுபடி எண்ணெய். மூன்று சுற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு டிஸ்க் கன்னங்கரேல் என்று பளபளத்தது. முட்டி வீங்கிவிட்டது.

தோசை ஊற்றிப் பார்த்தேன். மாவு நாலாபக்கமும் இருந்து வழுக்கி நடுவில் போய்ச் சேர்ந்து, தலையணை மாதிரி ஒன்று வந்தது. மதுமிதா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு சந்தோஷம்தான். தோசை வராது! தோசை வந்தால்தானே ஒருத்தி நின்று ஊற்ற வேண்டும். இதில் முட்டை, பிரட், வெங்காயம், சிக்கன் என்று ஆளாளுக்குப் போட்டுக் கிளறிக்கொள்ளலாம். அதற்குத்தான் இது.

இவர் நாலு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். "நாங்க செஞ்ச டிஸ்க் அடுப்பு." நாங்க!

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் முடிந்து மிச்சம் இருந்த கரும்பைக் கடித்துக்கொண்டே குரூப்பில் எழுதினேன். "இந்தத் தடவை சமையல்காரர் கிடையாது. சுற்றி நின்று அவரவர் செய்துகொள்வோம். ஞாயிற்றுக்கிழமை நானும் வெள்ளமுடி வருகிறேன்." பதினொரு கட்டைவிரல் வந்தது. ஒரு அரை மணி நேரம் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ரங்கராஜ் அண்ணன்: "இவ்வளவு பெரிய டிஸ்க்கில் கொத்து புரோட்டா போட்டால் எப்படி இருக்கும்!" இன்னொருத்தர்: "மீன் வறுவல்!" இவர் (என் வீட்டுக்காரர், என் சொந்த வீட்டுக்காரர்): "நடுவில் ஊற்றினால் ஆப்பம் மாதிரி வருகிறது, நாங்கள் சோதித்துவிட்டோம்." கடைசியில் ரங்கராஜ் அண்ணன் மனைவி சுகந்தி: "பூங்கொடி அக்கா இருக்கிறப்ப நமக்கென்ன கவலை!"

எந்தச் சாமானைக் கொண்டு தப்பிக்கலாம் என்று வாங்கினேனோ அதையே என் தலையில் கட்டுகிறார்கள். பெரிய பதில் ஒன்று அடித்தேன். அதில் "ஓசிச் சமையல்காரி" என்று ஒரு வார்த்தை இருந்தது. அழித்துவிட்டேன். அழித்ததற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

ஜனவரி 22, வியாழன்

கட்டி வைக்கிற வேலை. யாருக்கும் இதன் அருமை தெரியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஸ்க்கை எண்ணெய் தடவி, செய்தித்தாள் சுற்றி, அதன் மேல் பழைய வேட்டி. விளிம்பு கார் சீட்டைக் கிழிக்காமல் இருக்க சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிச் சுற்றிலும் மாட்டினேன். மூன்று கால்களும் ஒரு பழைய பேன்ட் காலுக்குள், முடிச்சுப் போட்டு. பர்னர் தனி. டியூபும் ரெகுலேட்டரும் தனி டப்பாவில், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு, கசிவு பார்க்க. சிலிண்டர் நிற்க வைத்து, ஜன்னல் திறந்த வண்டியில். நீளக் கைப்பிடிச் சட்டுவம் ஒன்றல்ல, ஆறு. ஆறு! குடும்பத்துக்கொன்று கையில் கொடுக்கத்தான் வாங்கினேன்.

இவர் வந்து உதவி செய்கிறேன் என்று டிஸ்க்கைத் தூக்கி முட்டை அட்டையின் மேல் வைத்தார். நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டு நாய் குரைத்தது.

"ஏன் இந்த வருசம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு எரிஞ்சு விழுற?" என்றார்.

"நான் மலையேறணுங்க."

"ஏறு. யாரு வேண்டாங்கறா?"

இந்த "யாரு வேண்டாங்கறா" இருக்கிறதே, இதைவிட எரிச்சலான பதில் உலகத்தில் இல்லை.

ஜனவரி 24, சனி, முகாம்

வந்துவிட்டோம். கூடாரத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

டிஸ்க் அபாரம். அதைச் சொல்லிவிட வேண்டும். தரை சரிவாக இருந்ததால் ஒரு காலுக்குக் கீழே தட்டைக் கல் வைத்து, நடுவில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தேன். ஆறு கிலோ சிக்கன், இரண்டு தடவையாக. வெந்தது ஓரத்தில், வேகிறது நடுவில். சின்ன வெங்காயமும் மிளகாயும் அந்த இரும்பில் பட்டதும் எழுந்த வாசனைக்கு, பக்கத்துக் கூடாரத்து ஆட்களே எட்டிப் பார்த்தார்கள். "அம்மிணி, இத்தன வருசத்துல இதுதானுங் டாப்பு" என்று ரங்கராஜ் அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

ஆறு சட்டுவத்தையும் எடுத்து வைத்தேன். எடுத்தவள் சுகந்தி ஒருத்திதான். "நான் கொஞ்சம் கிளறட்டுங்க்கா?" என்று வந்தாள். ஆனால் அவள் கிளறுகிற விதம் அப்படி. கறியை இடித்து இடித்து நாராக்குகிறாள். ஓரத்தில் இருப்பதையும் நடுவுக்கு இழுக்கிறாள். "இப்படி இல்ல, விடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். இருபத்திரண்டு பேர் சாப்பாடு, விளையாட்டா? அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்தாள். இப்படித்தான் இவர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒதுங்கிக்கொள்வார்கள்.

நாளைக்கு ஆறு மணிக்கு ஏறுகிறோம். ஷூவைக் கூடார வாசலில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

போகவில்லை.

ஐந்து மணிக்கே எழுந்தேன். வெறும் வயிற்றில் ஏறுவார்களே, ஒரு கை உப்புமா கிளறிவிட்டால் போதும் என்று டிஸ்க்கைப் பற்ற வைத்தேன். பெரிய டிஸ்க் இல்லையா, ரவை வறுபட நேரமாயிற்று. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தட்டோடு வந்தார்கள். ஷூ போட்டவர்கள், தொப்பி போட்டவர்கள், குளிரில் கை தேய்த்துக்கொண்டவர்கள். போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பையன் சட்னி கேட்டான், அதற்குக் குனிந்தேன். நிமிர்ந்தால் வரிசை போய்க்கொண்டிருக்கிறது. இவர் பாதி தூரத்தில் நின்று, "பூங்கொடி, வர்றியா இல்லியா? வெயில் ஏறிரும்!" என்றார். டிஸ்க்கில் இன்னும் மூன்று பேருக்கான உப்புமா கிடந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு. "போங்க, பின்னாலயே வர்றேன்" என்றேன்.

ரங்கராஜ் அண்ணன் போகிற போக்கில், "அவசரமில்லைங் அம்மிணி, நாங்க எறங்கி வர்றப்ப அந்த ஆப்பம் ரெடியா இருந்தாப் போதும்" என்றார்.

அப்போது வந்தது ஒரு கோபம். சட்டுவத்தை டிஸ்க்கின் மேல் ஓங்கி அடித்தேன். தோட்டம் முழுக்க மணி அடித்த மாதிரி கேட்டது. கூடாரத்திலிருந்து மதுமிதா வெளியே வந்தாள். அவள் ஏறப் போகவில்லை, அவளுக்கு விடிகாலை என்றால் ஆகாது. அவளிடம் கொட்டித் தீர்த்தேன். உங்கப்பா, ரங்கராஜ், சுகந்தி, யாருக்காவது ஒரு மனுஷி இங்கே நிற்கிறாளே என்று இருக்கிறதா? ஐந்து வருடம்! என்னை இந்த அடுப்புக்குக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்!

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னதை இங்கே எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"யாரும்மா கட்டிப் போட்டாங்க? உப்புமா யாராச்சும் கேட்டாங்களா? நேத்து சுகந்தி ஆன்ட்டி கையில இருந்து கரண்டியப் புடுங்குனது யாரு? போன வருசம் நான் பூரி தேய்க்க வந்தேன். கோணையா இருக்குன்னு எழுப்பி விட்டுட்ட. ரங்கராஜ் மாமா சூப்பர்ன்னு சொன்னா உன் மூஞ்சியப் பாக்கணுமே."

பெற்ற பெண் பேசுகிற பேச்சா இது? நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. ஆப்பம் சுட்டேன். ஐம்பத்து நாலு. எல்லோரும் அருமை என்றார்கள். சுகந்தி போட்டோ காட்டினாள். வெள்ளமுடி உச்சியில் எல்லோரும் கை விரித்து நிற்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்றேன்.

கோணைப் பூரி எண்ணெயில் உப்பாது. உண்மையைச் சொன்னால் தப்பா?

ஜனவரி 26, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலைத் தலையணை மேல் வைத்து, முட்டியில் ஐஸ் பையோடு எழுதுகிறேன்.

இன்று நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. கொடியேற்றம், சாப்பாடு, பதினொரு மணிக்குப் புறப்பாடு. ஏழு மணிக்கு டிஸ்க் சூடாகிவிட்டது. அதைச் சுற்றிப் பாய் போட்டு எல்லோரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். மிச்ச முட்டை, மிச்ச பிரட், மிச்ச வெங்காயம். நான் எண்ணெய் ஊற்றினேன். சுகந்தி எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, "நான் ஏதாச்சும்…" என்று இழுத்தாள். "வேண்டாம், நீ உக்காரு" என்று என் வாய் சொல்ல ஆரம்பித்தது. எனக்கே கேட்டது. பாதியில் நிறுத்தினேன்.

சட்டுவத்தை அவள் கையில் வைத்தேன். "இந்தா. இது உன்னுது."

"அக்கா, எனக்கு உங்க மாதிரி…"

"எனக்கும் முதல்ல தெரியாது."

ஷூவைப் போட்டேன். இவர் பாயிலிருந்து எழுந்து, "எங்க பூங்கொடி?" என்றார்.

"மேல."

"இப்பவா? பதினோரு மணிக்குக் கெளம்போணும்!"

"கெளம்புங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்."

பாதையில் சுண்ணாம்பு அடித்த கற்கள் வழிகாட்டின. முதல் வளைவுப் பாறைக்கு அரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து நேர் கீழே முகாம் தெரிகிறது. நின்று பார்த்தேன். டிஸ்க்கைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். சுகந்தி, ரங்கராஜ் அண்ணன், பிள்ளைகள், என் வீட்டுக்காரர். ஆறு சட்டுவமும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. இடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், சிரிப்பு மேலே வரைக்கும் கேட்கிறது. மதுமிதா முட்டை உடைக்கிறாள். நான் அந்த வீடியோவில் பார்த்தது அப்படியே.

சந்தோஷப்பட்டேனா? இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு சுலபமா? நான் கையை எடுத்து அரை மணி நேரத்தில் நடக்கிற காரியமா இது? அப்படியென்றால் அந்த ஐந்து வருடம்? ஓடிப்போய் எல்லார் கையிலிருந்தும் பிடுங்கிவிடலாம் போல இருந்தது. நிஜமாகவே இரண்டடி இறங்கினேன். அப்புறம் திரும்பி ஏறினேன். கோபத்தில்தான் ஏறினேன். அது இல்லாவிட்டால் அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏறியிருக்க முடியாது.

கடைசிப் பாறையில் நாலு காலில் தவழ்ந்தேன். உச்சியில் யாரும் இல்லை. வாய்விட்டுத் திட்டினேன். பெயர் சொல்லிச் சொல்லித் திட்டினேன். நாலு பெயர் முடிந்தது. ஐந்தாவதாக வாயில் வந்தது என் பெயர். அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். காப்பித் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் மலை மலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. போட்டோவில் இதில் கால்வாசிகூட வரவில்லை.

இறங்கும்போது முட்டி மடங்க மறுத்தது. பாதி வழியில் இவர் எதிரே மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். என் நடையைப் பார்த்ததும் முகம் மாறியது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மேல விட்டிருப்பீங்களா?"

குனிந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தோளைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். கோபம் போகவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டரை. யாரும் கிளம்பியிருக்கவில்லை. டிஸ்க்கைக் கழுவி, கோணல் மாணலாக வேட்டியைச் சுற்றி, ஏற்றி வைத்திருந்தார்கள். சுகந்தி மூடி வைத்திருந்த தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். முட்டைப் பொடிமாஸும் இரண்டு துண்டு பிரட்டும். "நானே பண்ணுனதுங்க்கா. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். எப்படி இருக்குதுங்க?" எதிரிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். மதுமிதாவும் பார்த்தாள்.

உப்பே போடவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். "நல்லா இருக்குது சுகந்தி" என்று சொல்லிவிட்டு, கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டேன்.